அமெரிக்க அரசுப் பள்ளியில் நாடக ஆசிரியர் ஆக என்ன செய்ய வேண்டும்?

கேள்வி சுருக்கமாக இது: கேட்டவர் நியூ ஜெர்சியில் இருக்கிறார். இந்தியாவில் ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ., எம்.ஏ. முடித்தவர். வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் பல வருடங்களாக ஆண்டு விழா நாடகங்களை எழுதி இயக்கி வருகிறார். இதையே முழுநேரத் தொழிலாக, அரசுப் பள்ளியில் முறையான லைசென்ஸோடு செய்ய ஆசை. மறுபடி நாலு வருடம் காலேஜ் போக வேண்டுமா, கணவரின் வேலை டெக்சாஸுக்கு மாறினால் எல்லாம் வீணாகிவிடுமா என்று கேட்கிறார்.

நாலு வருடம் தேவையில்லை. ஆனால் எந்த மாநிலம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், படிப்பை அதற்கப்புறம் தேடுங்கள். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டுத்தான் தவிக்கிறார்கள்.

அமெரிக்காவில் ஆசிரியர் உரிமத்தை மத்திய அரசு தருவதில்லை. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகத் தருகிறது. ஓர் இடத்தில் லைசென்ஸ் என்பார்கள், இன்னோர் இடத்தில் சர்டிஃபிகேட், கலிஃபோர்னியாவில் கிரெடென்ஷியல். பெயர் எதுவானாலும் கேட்பவை பெரும்பாலும் ஒன்றுதான்: ஒரு இளங்கலைப் பட்டம், மாநிலம் அங்கீகரித்த ஆசிரியர் பயிற்சி, வகுப்பறையில் மேற்பார்வையோடு கற்பித்த அனுபவம், பாடத் தேர்வு, கைரேகையோடு குற்றப் பின்னணிச் சோதனை. தனியார் பள்ளிகள் பெரும்பாலும் இந்த உரிமத்தைக் கேட்பதில்லை.

நாடகம் ஒரு தனிப் பாடமா என்பதிலேயே மாநிலங்கள் ஒத்துப்போனதில்லை. கலிஃபோர்னியாவைப் பாருங்கள். ஹாலிவுட் இருக்கும் மாநிலம். அங்கே 1970-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு நாடகத்துக்கென்று தனி ஆசிரியர் சான்றே இல்லாமல் போயிற்று. ஆங்கில ஆசிரியர் நாடகம் எடுப்பார், உடற்கல்வி ஆசிரியர் நடனம் எடுப்பார். 2016-இல் எஸ்.பி. 916 என்ற சட்டம் வந்துதான் இரண்டுக்கும் தனிச் சான்று திரும்பக் கிடைத்தது. பிறகு 2022 நவம்பரில் வாக்காளர்கள் புரொபசிஷன் 28 என்ற வாக்கெடுப்புத் தீர்மானத்தை நிறைவேற்றியதும் கலைக் கல்விக்கென்று பள்ளிகளுக்குத் தனிப் பணம் வந்தது. 500 மாணவரோ அதற்கு மேலோ உள்ள பள்ளி மாவட்டங்கள் அதில் 80 சதவீதத்தை ஆட்களை வேலைக்கு வைக்கத்தான் செலவிட வேண்டும். நீங்கள் அங்கே போகப் போவதில்லை, சரி. ஆனால் உரிமத்தின் விதிகள் எவ்வளவு தூரம் மாறக்கூடியவை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. வகுப்பு எடுப்பதை வீடியோவில் பதிந்து அனுப்பும் எட்பா என்ற மதிப்பீட்டை நினைத்து இன்னமும் பயப்படுகிறவர்கள் உண்டு. ஜார்ஜியா அதை 2020-இலும் நியூ யார்க் 2022-இலும் கட்டாயம் இல்லை என்று எடுத்துவிட்டன. எனவே யாராவது சொன்ன பழைய அனுபவத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். மாநிலக் கல்வித் துறையின் இந்த வருடப் பக்கத்தைப் படியுங்கள்.

இப்போது உங்கள் நிலைமை. முதல் வேலை, இந்தியச் சான்றிதழ்களை மதிப்பீடு செய்வது. வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் நிறுவனங்களின் நேசஸ் கூட்டமைப்பில் உறுப்பினராக உள்ள நிறுவனம் ஒன்றிடம், பாடவாரியான மதிப்பீடு கேளுங்கள். வெறும் பட்ட மதிப்பீடு போதாது, ஏனென்றால் இங்கே கணக்கு, ஒவ்வொரு பாடத்துக்கும் தரும் கிரெடிட் என்ற அலகில் நடக்கிறது. மூன்று வருட பி.ஏ.வைத் தனியாக அனுப்பாமல் எம்.ஏ.வையும் சேர்த்தே அனுப்புங்கள். மூன்று வருடப் பட்டத்தை மட்டும் பார்த்தால் அமெரிக்க இளங்கலைக்குச் சமம் இல்லை என்று எழுதும் நிறுவனங்கள் உண்டு.

நியூ ஜெர்சியில் கல்வியியல் படிக்காதவர்களுக்கென்று ஒரு மாற்று வழி 1980-களிலிருந்தே இருக்கிறது. அதன் முதல் படி சி.இ. என்று சுருக்கமாகச் சொல்லும் தகுதிச் சான்று. அதற்குப் பாடத்தில் ஒன்றோடொன்று தொடர்புடைய 30 கிரெடிட் இருக்க வேண்டும், அதில் 12 கிரெடிட்டாவது மேல்நிலை வகுப்புகளில், அதாவது கல்லூரியின் மூன்றாம், நான்காம் வருட அளவிலோ அதற்கு மேலோ, எடுத்ததாக இருக்க வேண்டும். மதிப்பெண் சராசரி நாலுக்கு 3.0. கூடவே 50 மணி நேர முன்பயிற்சி. அடிப்படைத் திறன் தேர்வு என்று முன்பு ஒன்று இருந்தது, 2025 ஜனவரி முதல் அது இல்லை. சி.இ. கைக்கு வந்தபின் ஒரு பள்ளி உங்களை வேலைக்கு எடுத்தால் தற்காலிகச் சான்று தருவார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டே, ஒரு மூத்த ஆசிரியரின் வழிகாட்டலில், மாலையிலும் வார இறுதியிலும் பயிற்சி வகுப்பு போய், இரண்டு வருடத்தில் நிரந்தரச் சான்றுக்கு வருவீர்கள்.

சிக்கல் அந்த 30 கிரெடிட்டில்தான். உங்கள் எம்.ஏ.வில் ஷேக்ஸ்பியர், நவீன நாடகம் என்று சில தாள்கள் இருந்திருக்கும். மதிப்பீட்டாளர் அவற்றை ஆங்கில இலக்கியம் என்றுதான் எழுதுவார். நடிப்பு, இயக்கம், மேடை வடிவமைப்பு என்று எதுவும் இருக்காது. அதே சமயம் ஆங்கிலத்துக்கு வேண்டிய 30 உங்களிடம் ஏற்கெனவே தாராளமாக இருக்கும். அதனால் என் யோசனை: ஆங்கிலத்தில் முதலில் தகுதி வாங்குங்கள். நாடகத்துக்கு வேண்டிய கிரெடிட்டை ஒரு கம்யூனிட்டி காலேஜிலும் பக்கத்தில் உள்ள அரசுப் பல்கலைக்கழகத்திலும் பகுதிநேரமாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். மேல்நிலை 12 கிரெடிட் கம்யூனிட்டி காலேஜில் கிடைக்காது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். இது சுற்று வழி போலத் தோன்றும். ஆனால் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியர் பத்துப் பேர் இருந்தால் நாடக ஆசிரியர் ஒருவர் இருப்பார், அந்த ஒருவரும் பல ஊர்களில் பாதி நாள் ஆங்கிலம்தான் எடுக்கிறார். இரண்டு சான்றும் கையில் உள்ளவருக்கே வேலை கிடைக்கும்.

டெக்சாஸ் முடிவாகிவிட்டால் கணக்கு வேறு. அங்கே மழலை வகுப்பிலிருந்து 12-ஆம் வகுப்பு வரை ஒரே நாடகச் சான்று. மாற்று வழிப் பயிற்சி நிறுவனங்கள் ஏராளம், நல்லதும் உண்டு, காசு பறிப்பதும் உண்டு. பயிற்சியின் ஒரு பகுதியை முடித்து, டெக்ஸஸ் (TExES) என்ற அந்த மாநிலத்துப் பாடத் தேர்வில் தேறினால் ஓராண்டு சம்பளத்தோடு இன்டர்ன் ஆசிரியராக வேலை செய்யலாம். உங்களுக்குச் சாதகமான இன்னொரு விதியும் உண்டு: ஒரு பாடத்தில் நிரந்தரச் சான்று வாங்கிவிட்டால், பெரும்பாலான மற்ற பாடங்களைத் தேர்வு எழுதியே சேர்த்துக்கொள்ளலாம். முதலில் ஆங்கிலம், பிறகு நாடகம் என்பது அங்கேயும் பொருந்தும்.

நடுவில் மாறுவதுதான் ஆபத்து. மாநிலங்களுக்கிடையே நாஸ்டெக் என்ற ஒப்பந்தம் இருக்கிறது, ஆனால் ஒரு மாநிலத்து உரிமம் இன்னொன்றில் அப்படியே செல்லும் என்று அதற்குப் பொருள் இல்லை. புது மாநிலம் உங்கள் உரிமத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் என்னென்ன வேண்டும் என்று சொல்லும். நிரந்தரச் சான்றோடு போனால் ஒரு தேர்வோடு முடியலாம். வெறும் சி.இ.யோடு போனால் கையில் இருப்பது வேலை தேடும் தகுதி மட்டுமே, அதை யாரும் முழு உரிமமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். டெக்சாஸ் போவது இந்த ஓரிரு வருடத்தில் நடக்கும் என்றால், நியூ ஜெர்சியில் விண்ணப்பமே போடாமல் கிரெடிட்டை மட்டும் சேர்த்துக்கொண்டிருங்கள். கிரெடிட் பெரும்பாலும் எங்கேயும் செல்லும்.

முதுகலை படித்தே வருகிறேன் என்றால் அதற்கும் வழி உண்டு. நியூ யார்க் பல்கலைக்கழகத்தின் ஸ்டைன்ஹார்ட் பள்ளியில் கல்வி நாடகத் துறை 1966-இலிருந்து நடக்கிறது. பாஸ்டனில் எமர்சன் கல்லூரி, ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகம் ஆகியவையும் இந்தத் துறையில் பெயர் பெற்றவை. வடக்கு கொலராடோ பல்கலைக்கழகத்தில், ஏற்கெனவே வேலையில் இருக்கும் நாடக ஆசிரியர்கள் கோடை விடுமுறைகளில் மட்டும் வந்து முதுகலை முடிக்கிறார்கள். சேரும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இந்தப் படிப்பு முடிந்தால் ஆசிரியர் உரிமத்துக்கு நீங்கள் பரிந்துரை செய்வீர்களா? எம்.எஃப்.ஏ. என்பது கலைஞருக்கான பட்டம். அதில் மூன்று வருடமும் பெரும் கடனும் போட்டுவிட்டு, அரசுப் பள்ளி வாசலில் வந்து நிற்கும்போதுதான் உரிமம் இல்லை என்று தெரிந்துகொண்டவர்களை எனக்குத் தெரியும்.

கடன் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். டீச் கிராண்ட் என்று மத்திய அரசு வருடத்துக்கு 4,000 டாலர் வரை தருகிறது. குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும், கணவன் அல்லது மனைவியின் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் இருப்பவருக்குக் கிடையாது. வாங்கியவர் படிப்பு முடிந்த எட்டு வருடத்துக்குள் நாலு வருடம், குறைந்த வருமானக் குடும்பங்கள் அதிகமுள்ள பள்ளியில், ஆள் பற்றாக்குறை உள்ள பாடத்தை எடுத்தாக வேண்டும். இல்லையென்றால் வாங்கிய தொகை முழுதும் முதல் நாளிலிருந்து வட்டியோடு கடனாக மாறிவிடும். உங்கள் மாநிலத்தின் பற்றாக்குறைப் பட்டியலில் நாடகம் இருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

பாடத் தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பல மாநிலங்கள் பிராக்ஸிஸ் நாடகத் தேர்வை வைத்திருக்கின்றன, எண் 5641. தேறும் மதிப்பெண்ணை ஒவ்வொரு மாநிலமும் தானே நிர்ணயிக்கிறது. நாடக வரலாறு, இலக்கியம், நடிப்பு, இயக்கம் என்று போகும். இலக்கியம் படித்தவருக்குப் பாதி தெரிந்ததாகவே இருக்கும். தடுமாற வைப்பது மேடைத் தொழில்நுட்பம்.

தடுமாற வைக்க வேண்டியதும் அதுதான். உரிமம் உங்களிடம் கேட்பது ஓர் ஆசிரியரை, பள்ளி உங்களிடம் கேட்பது ஒரு முழுத் துறையை. கணிதத்தில் சந்தேகம் வந்தால் அடுத்த அறையில் இன்னொரு கணித ஆசிரியர் இருப்பார். நாடகத்தில் அந்தக் கட்டடத்திலேயே நீங்கள் ஒருவர்தான். ஸ்கிரிப்ட் தேர்வு, ஆடிஷன், ஒத்திகை, செட், விளக்கு, ஒலி, உடை, டிக்கெட் பணம், பெற்றோர் சமாதானம் எல்லாம் உங்கள் தலையில். இயக்குவதில் உங்களுக்குக் கை பழகியிருக்கும். எனவே கிரெடிட் சேர்க்கும்போது, பிடித்த நடிப்பு வகுப்புகளாகவே எடுத்துக் கொள்ளாமல், ஸ்டேஜ்கிராஃப்ட், லைட்டிங் இரண்டையும் கட்டாயம் எடுங்கள்.

ஏன் என்று ஒன்றை மட்டும் விளக்குகிறேன். ஓரளவு பெரிய உயர்நிலைப் பள்ளி அரங்குகள் பலவற்றில் எதிர்எடை முறையில் திரைகளையும் செட்டையும் மேலே தூக்குவார்கள். மேடைக்கு மேலே குறுக்காக ஒரு இரும்புக் குழாய், பேட்டன் என்று பெயர். அதிலிருந்து போகும் கம்பிகள் சுவரோரத்தில் உள்ள ஆர்பர் என்ற சட்டத்தோடு சேரும். ஆர்பரில் இரும்புக் கட்டிகளை அடுக்கி இரு பக்கமும் எடையைச் சமன் செய்வார்கள். பேட்டன் தரைக்கு வந்தால் ஆர்பர் மேலே போயிருக்கும். செட்டை மாட்டும்போது முதலில் பேட்டனில் செட், அப்புறம்தான் ஆர்பரில் கட்டி. கழற்றும்போது முதலில் ஆர்பரிலிருந்து கட்டி, அப்புறம்தான் செட். நிகழ்ச்சி முடிந்த இரவு, களைப்பில், உற்சாகத்தில், பிள்ளைகள் செட்டை முதலில் கழற்றிவிட்டால் என்ன ஆகும்? மேலே இருக்கும் ஆர்பரில் நூற்றுக்கணக்கான பவுண்டு எடை, இந்தப் பக்கம் வெறும் குழாய். பூட்டு தாங்காவிட்டால் ஆர்பர் விழும், குழாய் மேலே பறக்கும், அதைப் பிடித்துக்கொண்டிருப்பவரும் சேர்ந்து போவார். இந்த வரிசை தெரியாத ஒருவரிடம் அரங்கின் சாவியைக் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து. ஆனால் உரிமம் வைத்திருக்கும் எத்தனையோ பேரிடம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அடுத்து, பயிற்சிக் காலம். கல்லூரி வழியாகப் போனால் ஒரு செமஸ்டர் முழுக்க ஒரு மூத்த ஆசிரியரின் வகுப்பில் ஸ்டூடன்ட் டீச்சிங் செய்வீர்கள், பெரும்பாலும் சம்பளம் இல்லாமல். மாற்று வழியில் அந்தக் கட்டமே இல்லாமல் நேரே வகுப்பில் இறக்கிவிடுவார்கள். அதில் இழப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்.

தமிழ்ப் பள்ளியில் உங்களிடம் வந்தவர்கள் நடிக்க ஆசைப்பட்ட பிள்ளைகள், அல்லது நடிக்க வைக்கப் பெற்றோர் ஆசைப்பட்ட பிள்ளைகள். அரசுப் பள்ளியில் தியேட்டர் 1 வகுப்பு அப்படி இல்லை. பட்டம் பெற ஒரு கலைப் பாடம் வேண்டும் என்பதற்காக வந்தவர்கள், ஓவிய வகுப்பு நிரம்பிவிட்டதால் வந்தவர்கள், ஆங்கிலம் இன்னும் சரியாக வராதவர்கள், சிறப்புக் கல்வித் திட்டம் உள்ளவர்கள் எல்லாரும் ஒரே அறையில். மேசை கிடையாது. கண்ணாடிப் பயிற்சி என்று எளிய ஒன்று உண்டு. வயோலா ஸ்போலின் சிகாகோவில் வளர்த்தெடுத்த நாடக விளையாட்டுகளால் பரவியது. இருவர் எதிரெதிரே நின்று, ஒருவர் அசைவதை மற்றவர் கண்ணாடி போலச் செய்ய வேண்டும். பயிற்சி ஆசிரியர் முதல் நாள் வந்து, 'ஜோடி ஜோடியாக நில்லுங்கள்' என்று ஆரம்பிப்பார். அவ்வளவுதான், அந்த நொடியோடு வகுப்பு கை விட்டுப் போயிற்று. யார் யாரோடு என்ற சண்டையில் அடுத்த விளக்கம் யார் காதிலும் விழாது. மூத்த ஆசிரியர் என்ன செய்வார்? எல்லாரையும் உட்கார வைத்தே விதியைச் சொல்வார். ஒரு மாணவரைக் கூப்பிட்டுத் தானே செய்து காட்டுவார். கையைத் தட்டினால் உறைந்து நிற்க வேண்டும் என்று ஒருமுறை பழக்குவார். கடைசியில்தான் ஜோடி பிரிப்பார், அதையும் தானே பிரிப்பார். முடிந்ததும் 'யார் நடத்தினார், யார் பின்தொடர்ந்தார் என்று எந்த இடத்தில் தெரியாமல் போனது?' என்று கேட்பார். அந்தக் கேள்வி வந்த பிறகுதான் விளையாட்டு பாடமாகிறது. இந்த வரிசையைப் புத்தகத்தில் படிக்கலாம், ஆனால் பக்கத்தில் நின்று பார்க்காமல் கைக்கு வராது.

மதிப்பெண் போடுவதும் அப்படித்தான். 2014-இல் வந்த தேசியக் கலைத் தரநிலைகள் படைத்தல், நிகழ்த்துதல், எதிர்வினையாற்றுதல், தொடர்புபடுத்துதல் என்று நான்காகப் பிரிக்கின்றன. பல மாநிலங்கள் அவற்றைத் தழுவித்தான் தங்கள் பாடத்திட்டத்தை எழுதியிருக்கின்றன. நடைமுறையில், 'நன்றாக நடித்தான்' என்று மார்க் போட முடியாது. பெற்றோர் வந்து கேட்டால் சொல்லக் காரணம் வேண்டும். கடைசி வரிசைக்குக் குரல் எட்டியதா, எதிரில் இருப்பவர் பேசும்போது கேட்டாரா, பாத்திரத்துக்கு என்ன வேண்டும் என்று தன் ஸ்கிரிப்டில் குறித்திருக்கிறாரா என்று, பார்க்கக்கூடியவற்றுக்கு மட்டுமே மார்க். சத்தம் தாங்க முடியாத ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு மேடை மேலாளர் மேசையில் ஹெட்செட்டோடு ஓர் இடம் கொடுத்தால், அதற்கும் தனி மதிப்பீட்டு அட்டவணை வேண்டும். கருணைக்காகக் கொடுத்த மார்க் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

இன்னொன்று, சொல்லத் தயக்கம்தான். நாடக வகுப்பில் பிள்ளைகள் மற்ற வகுப்புகளில் சொல்லாததைச் சொல்வார்கள். வீட்டில் அடி, அதைவிட மோசமானது எல்லாம் ஸ்கிரிப்ட் இல்லாமல் நடிக்கும் ஒரு இம்ப்ரவைசேஷனில் வெளியே வரும். நியூ ஜெர்சியிலும் டெக்சாஸிலும் குழந்தை துன்புறுத்தப்படுகிறது என்று சந்தேகிக்கும் எவரும் புகார் செய்தே ஆக வேண்டும் என்பது சட்டம். கவுன்சலரிடம் சொல்லிவிட்டேன் என்று கை கழுவ முடியாது. உங்கள் முன்பயிற்சியில் இந்தப் பகுதியை ஸ்லைடு காட்டி ஓட்டிவிடுவார்கள். நீங்கள் ஓடவிடாமல் கேள்வி கேளுங்கள்.

தமிழ்ப் பள்ளி நாடகங்களில் பழகியவருக்கு மாற்றிக்கொள்ள வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. நாம் ஸ்கிரிப்டை வெட்டுவோம், ஒட்டுவோம், நடுவில் சினிமாப் பாட்டு சேர்ப்போம். இங்கே நாடகத்தை மேடையேற்றும் ஒவ்வொரு முறைக்கும் உரிமைத் தொகை கட்ட வேண்டும். எழுத்தாளர் தரப்பின் அனுமதி இல்லாமல் ஒரு வசனத்தைக்கூட மாற்றக் கூடாது, வீடியோ எடுக்கத் தனி அனுமதி. ஷேக்ஸ்பியர் இலவசம். சோஃபக்ளீஸும் இலவசம்தான், ஆனால் போன தலைமுறையில் ஒருவர் செய்த மொழிபெயர்ப்பு இலவசம் இல்லை. கெட்ட வார்த்தையை மாற்றச் சொல்லிப் பிரின்சிபால் வற்புறுத்தினால்கூட உரிமை நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும். எழுதிக் கேட்டால் பல நேரம் சரி என்பார்கள்.

டெக்சாஸ் போனால், பள்ளிகளுக்கிடையே போட்டிகள் நடத்தும் யு.ஐ.எல். அமைப்பின் ஓரங்க நாடகப் போட்டிக்கும் மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். அங்கே அது கிட்டத்தட்ட விளையாட்டுப் போட்டி மாதிரி, மாவட்டம், வட்டாரம், மாநிலம் என்று போகும். நாடகம் 40 நிமிடத்தைத் தாண்டினால் தகுதி நீக்கம். செட் போட ஏழு நிமிடம், எடுக்க ஏழு நிமிடம். வேலைக்கு எடுக்கும்போதே இதில் அனுபவம் உண்டா என்று கேட்கும் பள்ளிகள் அதிகம். இல்லையென்றால், போவதற்கு முன் ஒரு வருடப் போட்டியைப் பார்வையாளராக உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.

இப்போதே தொடங்கக்கூடியது ஒன்று: சப்ஸ்டிட்யூட் வேலை, அதாவது வராத ஆசிரியருக்குப் பதிலாக வகுப்பைப் பார்த்துக்கொள்வது. நியூ ஜெர்சியில் 60 கல்லூரி கிரெடிட் இருந்தாலே மாற்று ஆசிரியர் சான்றுக்கு விண்ணப்பிக்கலாம், உங்களிடம் அதைவிட மிக அதிகமாகவே இருக்கும். வேலை அனுமதி மட்டும் இருக்க வேண்டும். பக்கத்து உயர்நிலைப் பள்ளியில் சப் ஆகச் சேர்ந்து, அங்கே வசந்த காலத்தில் மியூசிக்கல் போடும் ஆசிரியரிடம் போய், உடையோ பொருட்களோ பார்த்துக்கொள்கிறேன் என்று கேளுங்கள். யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், அவ்வளவு ஆள் பஞ்சம். விளக்கு, ஒலி, செட் எல்லாவற்றையும் சேர்த்து ஒத்திகை பார்க்கும் டெக் வாரத்தில் இரவு ஒன்பது பத்து மணி வரை அங்கே இருந்து பாருங்கள். அந்த வாரம் உங்களுக்கும் வீட்டுக்கும் ஒத்துவருகிறதா என்பது காசு செலவில்லாமல் தெரிந்துவிடும்.

பிறகு ஒரு நாள் வேலைக்கான நேர்காணல் வரும்போது, அரங்கைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். முன்பு சொன்ன எதிர்எடை அமைப்பை, ஃப்ளை சிஸ்டம் என்பார்கள், அதைக் கடைசியாக யார், எப்போது பரிசோதித்தார்கள், டிக்கெட் பணம் நாடகக் கணக்குக்கு வருகிறதா பள்ளிப் பொதுக் கணக்குக்குப் போகிறதா, மாலை ஒத்திகைக்குத் தரும் கூடுதல் தொகையான ஸ்டைபெண்ட் எவ்வளவு என்று மூன்றையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். ஸ்டைபெண்ட் தொகை பெரும்பாலும் மாவட்டத்தின் ஆசிரியர் சங்க ஒப்பந்தத்திலேயே அச்சாகியிருக்கும். கால்பந்து கோச்சுக்கு எவ்வளவு என்பதும் அதே பக்கத்தில் இருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.